ஐந்து மூக்கு, ஒரு டெஸ்ட்!

“சார், உங்கப்பா சாம்பிள் இருந்த குரூப் பாசிட்டிவ் வந்திருக்கு. ரிசல்ட் நாளைக்குத்தான் சொல்ல முடியும்.”

2021 பிப்ரவரி. புதன்கிழமை சாயங்காலம். போனில் பேசியவர் லேப் டெக்னீஷியன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். கொரோனா இல்லை என்று சீட்டு வராமல் தியேட்டர் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் குடலிறக்கத்தை அப்பா இரண்டு வருஷமாக பெல்ட் போட்டுக் கட்டி, ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்தார். முந்தின வாரம் ஒரு ராத்திரி அது வெளியே வந்து உள்ளே போக மறுத்துவிட்டது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கையாலேயே பக்குவமாக உள்ளே தள்ளிவிட்டு, “இன்னொரு தடவை மாட்டிக்கிட்டா குடல் அழுகிடும். தள்ளிப் போடாதீங்க” என்று சொல்லியிருந்தார். அதனால் ‘நாளைக்கு’ என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் அப்போது கெட்ட வார்த்தை.

“குரூப்னா என்ன சார்? எங்கப்பா மூக்குல எடுத்ததை அவருக்குத்தானே டெஸ்ட் பண்ணணும்?”

“இல்ல சார். அஞ்சு பேர் சாம்பிளைக் கலந்து ஒரே டெஸ்ட்டா போடுவோம். நெகட்டிவ்னா அஞ்சு பேரும் நெகட்டிவ். பாசிட்டிவ்னா அஞ்சையும் தனித்தனியா போடணும். இப்ப அதைத்தான் போட்டுக்கிட்டு இருக்கோம்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. சாராம்சம்: சாம்பாரையும் ரசத்தையும் கலந்து ஊற்றிவிட்டு, எதில் உப்பு அதிகம் என்று தேடுகிற ஆசாமிகளா நீங்கள்? காசு மிச்சம் பிடிக்க எங்கப்பா உயிர்தான் கிடைத்ததா?

அந்த மனிதர் பொறுமைசாலி. “சார், நீங்க காமர்ஸா?” என்றார்.

“ஆமா. அதனால என்ன?”

“கணக்குப் போட்டுப் பாருங்க சார், புரியும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பி.காம். படித்தவனைப் பார்த்துக் கணக்குப் போடு என்று சொன்னால் ரோஷம் வராதா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் போட ஆரம்பித்தேன். அன்று தொடங்கிய கிறுக்கு, இன்னும் விட்டபாடில்லை. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் என்று வையுங்கள். மொத்தம் பத்து பேர். ஒவ்வொருவராகச் சோதித்தால் ஆயிரம் டெஸ்ட். அதற்குப் பதில் பத்துப் பத்தாகக் கலந்தால் நூறு கலவை, நூறு டெஸ்ட். நோயாளிகள் பத்து பேரும் பத்து வெவ்வேறு கலவையில் போய் உட்கார்ந்தாலும், மாட்டுகிற கலவை பத்துதான். அந்தப் பத்துக் கலவையில் இருக்கிற நூறு பேரை மட்டும் தனித்தனியே சோதித்தால் இன்னொரு நூறு. ஆக மொத்தம் இருநூறு. எண்ணூறு டெஸ்ட் மிச்சம்! மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தப்பே இல்லை.

யார் கண்டுபிடித்தது இதை? டாக்டர் இல்லை. நம் ஜாதி... அதாவது, பொருளாதாரக்காரர்!

ராபர்ட் டார்ஃப்மன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வாஷிங்டனில் விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உத்தியோகம். அரிசி என்ன விலை, டயர் என்ன விலை என்று பார்க்கிற ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு. அப்போது அமெரிக்காவில் ராணுவத்துக்கு ஆள் எடுத்துக் கொண்டிருந்தார்கள். வருகிற இளைஞன் ஒவ்வொருவனுக்கும் சிபிலிஸ் என்கிற மேகநோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. லட்சக்கணக்கான பேர். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று எழுதுவதற்காகவே அத்தனை பரிசோதனை. ஆபீசில் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை பிறந்தது: ரத்தத்தைக் கலந்துவிட்டால் என்ன?

1943 டிசம்பரில் ஒரு புள்ளியியல் பத்திரிகையில் டார்ஃப்மன் கட்டுரை எழுதினார். ஐந்தே பக்கம். அதில் ஒரு குட்டி அட்டவணை. நூற்றுக்கு ஒருவருக்கு நோய் என்றால் பதினொன்று பதினொன்றாகக் கலப்பதே உத்தமம். நூறு பேருக்கு சராசரியாக 20 டெஸ்ட் போதும். நூற்றுக்கு ஐந்து என்றால் ஐந்தைந்தாக, 43 டெஸ்ட். நூற்றுக்குப் பத்து என்றால் நான்கு நான்காக, 59. நூற்றுக்கு முப்பது என்றால் மூன்று மூன்றாகக் கலந்தாலும் 99. அதாவது, கலக்கிற கூலிகூடத் தேறாது.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அப்புறம் என்ன, ராணுவம் டார்ஃப்மனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியதா? அதுதான் இல்லை. யோசனை பிரமாதம், நடைமுறைக்கு வரவில்லை. எட்டு, ஒன்பது பேர் ரத்தத்தைச் சேர்த்தாலே நோயாளியின் ரத்தம் நீர்த்துப் போய், அந்தக் காலத்துப் பரிசோதனைக்கு அது கண்ணில் படவில்லை. ஒரு குடம் பாயசத்தில் ஒரே ஒரு ஏலக்காய் போட்ட கதை. ஐந்து பக்கக் கட்டுரை அலமாரிக்குப் போயிற்று. டார்ஃப்மன் பிற்பாடு ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியராகப் பெயர் எடுத்தார். 2002-ல் காலமானார். 2020-ஐப் பார்க்க அவர் இல்லை.

1943-ல் ஓடாத வண்டி 2020-ல் எப்படி ஓடியது? இப்போதைய பி.சி.ஆர். டெஸ்ட்டின் குணம் அப்படி. அது வைரஸின் மரபுப் பொருளைத் தேடுகிறது. தேடுவதற்கு முன் அதை நகல் எடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். கூட்டு வட்டி என்றால் இதுதான் கூட்டு வட்டி! ஐந்து பேர் சாம்பிளைக் கலந்தால் சரக்கு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது, வாஸ்தவம். ஆனால் இரண்டு மூன்று சுற்று கூடுதலாக ஓட்டினால் விட்டதைப் பிடித்துவிடலாம். ரொம்பக் குறைவாக வைரஸ் உள்ளவர் மட்டும் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் இஷ்டத்துக்கு ஐம்பது, நூறு என்று கலக்காமல் ஐந்தோடு நிறுத்தினார்கள்.

நிறுத்தச் சொன்னது நம்ம ஊர் ஐ.சி.எம்.ஆர். 2020 ஏப்ரலில், கிட் கிடைக்காமல் நாடே அல்லாடிய நேரத்தில், ஒரு அறிவிப்பு வெளியிட்டார்கள். நூற்றுக்கு இரண்டு பேருக்குக் கீழே தொற்று இருக்கிற இடங்களில் ஐந்து பேர் வரை கலக்கலாம். இரண்டிலிருந்து ஐந்து என்றால், அறிகுறி இல்லாதவர்களை மொத்தமாகக் கணக்கெடுக்க மட்டும் கலக்கலாம். ஐந்துக்கு மேலே போனால் கலக்காதே. டார்ஃப்மனின் அட்டவணை அரசாங்க பாஷையில்! அதே வருஷம் அக்டோபரில் சீனாவில் சிங்தாவ் நகரத்தில் பத்துப் பேருக்கு ஒரு குழாய் என்று கலந்து, ஐந்து நாளில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேரைச் சோதித்தார்கள்.

இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்று ராத்திரி வராந்தாவில் எனக்குத் தெரிந்தது என் ஆயிரம் பேர் கணக்கு மட்டும்தான். அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். அவர் விருதுநகரில் வத்தல் மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் கணக்குப்பிள்ளை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதுக்கா ஏதோ வெள்ளைக்காரன் மாதிரி உக்காந்து மண்டையை உடைச்சுக்கிட்டே?”

“இல்லப்பா, இது...”

“வருஷக் கடைசியில ஐந்தொகை இடிக்கும்டா. இருபத்தேழு ரூபாய் எங்கயோ உதைக்கும். பேரேட்டுல நானூறு பக்கம். வரி வரியாவா பார்ப்போம்? பக்கக் கூட்டலை மட்டும் முதல்ல சரி பார்ப்போம். எந்தப் பக்கம் இடிக்குதோ அந்தப் பக்கத்தை மட்டும் வரி வரியாப் பார்ப்போம். இதானே அது?”

அதேதான். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

“அதுலயும் வித்தியாசம் ஒம்பதுல வகுபட்டா, ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கும். அம்பத்தி நாலை நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருப்பான். அதை முதல்ல தேடணும்” என்றார், கொசுறாக. (நிஜம்தான். 540-ஐ 450 என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் 90. எந்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினாலும் ஒன்பதால் வகுபடும். காலேஜில் மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.)

சொல்லிவிட்டு அப்பா கேட்டார்: “எல்லாம் சரி. ஆனா பக்கத்தைக் கண்டுபிடிச்சு, மறுபடி வரியைத் தேடி... ரெண்டு வேலை. அதுக்குத்தானே ஒருநாள் தள்ளிப் போச்சு? ஒரே தடவையில கண்டுபிடிக்க முடியாதா?”

அறுபத்தெட்டு வயசு கணக்குப்பிள்ளை, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்ட இந்தக் கேள்விதான் கணித மேதைகளும் எண்பது வருஷமாகக் கேட்டுக் கொண்டிருப்பது. முடியும். ஆனால் அதற்கு வெறும் வகுத்தல் பெருக்கல் போதாது. ‘சேர்மானக் கணிதம்’ என்று ஒரு பெரிய சமாசாரம் இருக்கிறது. எதை எதோடு எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று பார்க்கிற கணக்கு. பிளஸ் டூவில் பெர்முடேஷன், காம்பினேஷன் என்று வருமே, அதன் கொள்ளுத் தாத்தா.

ஐ.டி. கம்பெனி இன்டர்வியூவுக்குப் போன தம்பிமார்களுக்கு இந்தப் புதிர் தெரிந்திருக்கும். தீபாவளிக்கு ஆபீசுக்கு எட்டு ஸ்வீட் பாக்ஸ் வந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் பால்கோவா கெட்டுப் போயிருக்கிறது. சாப்பிட்டால் காலையில் வயிறு சொல்லிவிடும். மூன்றே மூன்று பேரை வைத்து, ஒரே ராத்திரியில், எந்த பாக்ஸ் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பாக்ஸ்களுக்கு 0 முதல் 7 வரை நம்பர் போடுங்கள். மேனேஜர் 4, 5, 6, 7-லிருந்து ஆளுக்கொரு வாய் சாப்பிடட்டும். (அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.) அக்கவுண்டன்ட் 2, 3, 6, 7. நான் 1, 3, 5, 7. மறுநாள் மேனேஜரும் நானும் லீவ், அக்கவுண்டன்ட் மட்டும் சிரித்துக்கொண்டு வருகிறார் என்றால்? எங்கள் இருவர் கணக்கிலும் இருந்து அவர் கணக்கில் இல்லாதது 5 மட்டுமே. அதுதான் குற்றவாளி. மூன்று பேருமே வந்துவிட்டால் யாரும் தொடாத 0. இதே முறையில் ஆயிரம் பாக்ஸ் இருந்தாலும் பத்தே பேர் போதும்!

ஆஹா என்று எழுந்திருக்காதீர்கள். ஒரு சிக்கல். கெட்டது ஒன்றில்லை, இரண்டு என்று வையுங்கள். 5-ம் கெட்டது, 2-ம் கெட்டது. மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு. கணக்குப்படி பார்த்தால் 7 கெட்டது என்று வரும்! உத்தமமான 7-ஐத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, 5-ஐயும் 2-ஐயும் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்போம். ஸ்வீட் விஷயத்தில் சிரிக்கலாம். ஆஸ்பத்திரியில் இப்படி நடந்தால் நோய் உள்ளவர் வீட்டுக்குப் போய் பேரனைக் கொஞ்சுவார், இல்லாதவர் வார்டில் படுத்திருப்பார்.

ஆகவே, இரண்டு பேர் மாட்டினாலும் மூன்றாம் ஆள் மேல் பழி விழாத மாதிரி கலக்க வேண்டும். எப்படி?

இங்கேதான் ஒரு பாதிரியார் வருகிறார். தாமஸ் கிர்க்மன். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் கிராஃப்ட் என்ற கிராமத்து தேவாலயத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊழியம். அப்பா பருத்தி வியாபாரி. பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கடை ஆபீசில் உட்கார வைத்துவிட்டார். ஒன்பது வருஷம் குமாஸ்தா வேலை! அப்புறம்தான் அப்பா பேச்சை மீறி டப்ளினுக்குப் போய்ப் படித்தார். ஏழு குழந்தைகள். சர்ச் வேலை போக மிச்ச நேரத்தில் கணிதம். (ஆபீஸ் நேரம் போக நமக்கு சீரியல்.)

1850-ல் ஒரு வருடாந்தரப் பத்திரிகையில் அவர் ஒரு புதிர் போட்டார். பள்ளிக்கூடத்தில் பதினைந்து மாணவிகள். தினமும் மும்மூன்று பேராக வரிசையில் நடந்து போகிறார்கள். ஏழு நாள். எந்த இரண்டு பெண்ணும் ஒரே வரிசையில் இரண்டு தடவை வரக்கூடாது. எப்படி அனுப்புவது?

சாதாரணமாகத் தெரிகிறதே என்று தாள் எடுத்துப் போட்டுப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை வரை சுகமாகப் போகும். புதன்கிழமை கழுத்தைப் பிடிக்கும். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொலைத்தேன். பதினைந்து பேரில் ஜோடிகள் மொத்தம் 105. ஒரு நாளைக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று ஜோடி, ஆக நாளொன்றுக்குப் பதினைந்து. ஏழு நாளைக்கு 105. சொட்டு மிச்சமில்லாமல் சரியாக இருக்கிறது பாருங்கள். அதனால்தான் கஷ்டம், ஒரு இடத்தில் தப்பினால் எல்லாம் போச்சு. முடியும், விடை உண்டு. கிர்க்மனே போட்டும் காட்டினார்.

பாவம், பெயர்தான் அவருக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. இப்படி மும்மூன்றாகச் சேர்க்கிற அமைப்பை 1847-லேயே அவர் ஆராய்ந்து எழுதிவிட்டார். ஆறு வருஷம் கழித்து ஸ்டைனர் என்ற பெரிய பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்க, இன்றுவரை உலகம் அதை ‘ஸ்டைனர் அமைப்பு’ என்கிறது. கிர்க்மனுக்குப் பெண் பிள்ளைகள் புதிர் மட்டும் மிச்சம்.

பதினைந்துக்குப் பதில் இருபத்தொன்று, இருபத்தேழு என்று பொதுவாகக் கேட்டால்? அதற்கு 1971-ல்தான் பதில் அச்சாயிற்று. போட்டவர்கள் அமெரிக்காவில் இருந்த இரண்டு பேர். வங்காளத்தில் பிறந்த ராய் சௌதுரி ஒருவர், வில்சன் என்பவர் இன்னொருவர். ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே சீனாவில் லூ ஜியாஷி என்று ஒருவர் அதைத் தீர்த்திருந்தார். உள் மங்கோலியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். எழுதி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார், யாரும் போடவில்லை. வேறு இருவர் போட்டுவிட்டார்கள் என்பதே அவருக்கு 1979-ல்தான் தெரியும். மனிதர் உடைந்து போகாமல் அதைவிடக் கடினமான இன்னொரு கேள்வியை எடுத்துத் தீர்த்தார். உலகம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த 1983-ல், நாற்பத்தெட்டு வயசில் தூக்கத்தில் இறந்து போனார். சீன அரசின் மிகப் பெரிய அறிவியல் பரிசு அப்புறம் வந்தது. இதை எழுதும்போது கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

சரி, பெண் பிள்ளைகள் நடப்பதற்கும் அப்பாவின் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பதினைந்து பெண்களைப் பதினைந்து டெஸ்ட் குழாய் என்று நினையுங்கள். ஏழு நாளில் நடந்த மூவர் வரிசைகள் மொத்தம் முப்பத்தைந்து. அவற்றை முப்பத்தைந்து நோயாளிகள் என்று வையுங்கள். ஒவ்வொரு நோயாளியின் சாம்பிளையும் அவருடைய வரிசையில் இருக்கிற மூன்று குழாய்களில் ஊற்ற வேண்டும். ஒரு குழாய்க்கு ஏழு பேர் சாம்பிள் வரும். இப்போது விதியைக் கவனியுங்கள்: எந்த இரண்டு பெண்ணும் ஒரே வரிசையில் ஒரு தடவைதான். அப்படியென்றால் எந்த இரண்டு நோயாளிக்கும் பொதுவான குழாய் ஒன்றுக்கு மேல் கிடையாது.

ஒருவருக்கு நோய் என்றால் மூன்று குழாய் பாசிட்டிவ். அந்த மூன்றும் யாருடைய வரிசையோ அவர்தான். இரண்டு பேருக்கு நோய் என்றால் ஐந்தோ ஆறோ குழாய் பாசிட்டிவ் ஆகும். நிரபராதியான மூன்றாம் ஆள் ஒருவர் மாட்ட வேண்டுமானால், அவருடைய மூன்று குழாயும் இந்த இரண்டு பேர் குழாய்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். மூன்று குழாயை இரண்டு பேர் பங்கு போட்டால், ஒருவர் பங்கில் இரண்டாவது விழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் இரண்டு குழாய் பொதுவாக இருக்கவே முடியாது என்பதுதான் விதி! ஆகவே மூன்றாம் ஆள் தப்பித்தார்.

முப்பத்தைந்து பேர், பதினைந்து டெஸ்ட், இரண்டு நோயாளி வரை ஒரே சுற்றில் ஆள் அடையாளம். மறுபடி டெஸ்ட் இல்லை. ‘நாளைக்கு’ இல்லை. டார்ஃப்மன் முறையில் இதே முப்பத்தைந்து பேரை ஐந்தைந்தாகக் கலந்தால் ஏழு டெஸ்ட், பிறகு மாட்டின இரண்டு கலவைக்குப் பத்து, ஆகப் பதினேழு. டெஸ்ட் எண்ணிக்கையில் பெரிய லாபமில்லை. லாபம் அந்த ஒரு நாள்.

இது நான் கட்டிய கோட்டை இல்லை. 2020-ல் மும்பை ஐ.ஐ.டி.யில் மனோஜ் கோபாலகிருஷ்ணன் என்ற பேராசிரியரும் சகாக்களும், பெங்களூர் உயிரியல் விஞ்ஞானிகளோடு சேர்ந்து ‘டேப்பஸ்ட்ரி’ என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் அவர்கள் எடுத்துக் கையாண்டது இந்தக் கிர்க்மன் வரிசைகளைத்தான்! ஒவ்வொரு சாம்பிளும் மூன்று குழாயில். குழாய் பாசிட்டிவா என்பதோடு, எத்தனை சுற்றில் பாசிட்டிவ் ஆனது என்பதையும் கணக்கில் சேர்த்து ஆளைப் பிடித்தார்கள். இஸ்ரேலில் இன்னொரு குழு 384 பேரை 48 குழாயில் அடக்கியது; ஆளுக்கு ஆறு குழாய். அவர்கள் பயன்படுத்தியது, சி.டி.யில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுமே, அதே கணிதம்.

இதிலெல்லாம் ஒரு பெரிய தொல்லை, ஊற்றுகிற கை. ஒரு சாம்பிளை மூன்று குழாயில், அதுவும் வேறு வேறு வரிசையில் ஊற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, கவச உடைக்குள் வேர்த்துக் கொட்டுகிற டெக்னீஷியன், பதினான்காம் குழாயில் போவதைப் பதினைந்தில் ஊற்றிவிட்டால் அப்பாவின் இடம் மாறிய ஒன்பது கதைதான். எளிமையான ஐந்தைந்து முறையே பெரும்பாலான இடங்களில் நிலைத்ததற்கு இதுவும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்தக் கடைசி வரி. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்தது. எடுத்த டெஸ்ட்டில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் பாசிட்டிவ். அந்த நிலையில் ஐந்தைந்தாகக் கலந்தால் நூறு பேருக்கு 87 டெஸ்ட் ஆகும். பிப்ரவரி மாதிரி நூற்றுக்கு ஒன்று இருக்கும்போது அதே வேலைக்கு 25 போதும். பெரும்பாலான கலவைகள் பாசிட்டிவ் என்றால் எதற்குக் கலப்பது? கிட் ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில்தான் இந்த வித்தை கையை விரிக்கிறது. குடை மழைக்கு முன்னால் மட்டும் விரியும் என்றால் எப்படி இருக்கும், அப்படி.

அதற்கும் கணிதக்காரர்களிடம் வேறு ஒரு பை இருக்கிறது. எல்லோரையும் சோதிக்க முடியாவிட்டால் யாரைச் சோதிப்பது? 1991-ல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலார் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்: சராசரியாகப் பார்த்தால், உங்களைவிட உங்கள் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம்! வயிற்றெரிச்சல் வேண்டாம், இது கணக்கு. ஒரு டீக்கடை மாஸ்டருக்கு மூன்று பேரைத் தெரியும். அந்த மூவருக்கும் மாஸ்டரை மட்டும் தெரியும். நாலு பேருக்கும் சராசரி நண்பர்கள் ஒன்றரை. இப்போது அவரவர் நண்பருக்கு எத்தனை நண்பர் என்று கேளுங்கள். மூன்று பேர் ‘மூன்று’ என்பார்கள், மாஸ்டர் ‘ஒன்று’ என்பார். சராசரி இரண்டரை. நிறையப் பேருக்குத் தெரிந்தவர் நிறையப் பட்டியலில் வருவார், அவ்வளவுதான். ஆனால் அதே ஆளிடம்தான் நோயும் முதலில் வந்து சேரும். 2009-ல் ஹார்வர்டில் ஃப்ளூ பரவியபோது, கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த மாணவர்களையும், அவர்கள் சொன்ன நண்பர்களையும் சேர்த்து 744 பேரைக் கவனித்தார்கள். நண்பர்கள் கோஷ்டியில் நோய் ஏறக்குறைய பதினாலு நாள் முன்னதாகவே தலைகாட்டியது. இரண்டு வாரம்! ஒரு ஊரைத் தயார்படுத்த அது போதும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் அதே டெக்னீஷியன் கூப்பிட்டார். “சார், அப்பாவுக்கு நெகட்டிவ்.” நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன், அப்புறம் நன்றி சொன்னேன். “கணக்குப் போட்டீங்களா?” என்றார். போட்டேன் என்றேன். சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் மயக்கம் தெளிந்து அப்பா முழித்தபோது, வலிக்கிறதா என்று கேட்கலாம் என்று குனிந்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

“அந்த அஞ்சுல யாருடா?”

“எந்த அஞ்சுல?”

“கலந்தாங்களே. நான் இல்லைன்னா, மத்த நாலு பேர்ல ஒருத்தருக்கு இருக்கணும்ல? கணக்கு இடிக்குதுல்ல?”

செவ்வாய்க்கிழமை ஸ்வாப் எடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் மேலூர்க்காரர் ஒருவர். பித்தப்பையில் கல். அவரும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார். இரண்டு பேரும் ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதி பிரித்துப் படித்தார்கள். அவருடைய பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது.

டிரிப்ஸ் மாற்ற நர்ஸ் வந்தார். அப்பா அவரிடம் கேட்டார். “ஏம்மா, மேலூர்க்காரர் ஒருத்தர், பித்தப்பை ஆபரேஷன்... எந்த ரூம்ல இருக்காரு?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதுங்கய்யா.”

“பேரெல்லாம் வேண்டாம்மா. இன்னைக்கு ஆபரேஷன் ஆச்சா இல்லையா, அது மட்டும்.”

நர்ஸ் பாட்டிலைத் தட்டிப் பார்த்தார். சொட்டு விழுகிற வேகத்தைச் சரி செய்தார். “நீங்க தூங்குங்கய்யா” என்று சொல்லிவிட்டு விளக்கைக் குறைத்தார்.